‘ஏறக்குறைய சரி’க்கு எத்தனை மார்க்?

ஆங்கிலச் சொல்வளத் தேர்வைத் திருத்த உட்காருபவருக்கு முழுத் தப்பான விடையால் தொல்லை இல்லை. ஒரு கோடு, அடுத்த கேள்வி. பேனாவைத் தயங்க வைப்பது பக்கத்துச் சொல்தான். விடைக்குறிப்பில் ‘ஃப்யூரியஸ்’ இருக்கிறது, தாளில் ‘ஆங்ரி’ இருக்கிறது. ‘ஃபேமஸ்’ எதிர்பார்த்த இடத்தில் ‘பாப்புலர்’ வந்து நிற்கிறது. மூன்றாவது தாளில் மனமிரங்கி ஒரு மார்க் விழும். முப்பதாவது தாளில் அதே சொல்லுக்குச் சலிப்பில் பூஜ்யம் விழும். தாள்கள் கைக்குப் போனதும் அந்த இரண்டு மாணவர்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒப்பிடாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்தத் தடுமாற்றம் வெளியே தெரிவது திருத்தும் மேசையில். பிறப்பது கேள்வியை எழுதிய அன்று. ‘ஃபேர் என்பதற்கு ஒத்த பொருள் சொல் எழுதுக’ என்று வெறுஞ்சொல்லாகக் கேட்டால் நியாயமான, வெளுத்த, சுமாரான, கண்காட்சி என்று எந்தப் பொருளுக்கு எழுதினாலும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ‘பிளேஸண்ட்’ என்று வரும் தாளை அடித்துவிட்டு, வானிலைக்கு ‘ஃபேர் வெதர்’ என்று சொல்வதில்லையா என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ‘லைட்’, ‘ரைட்’, ‘ஹார்ட்’ எல்லாம் இதே வகைதான். சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்து, அதற்கு அடிக்கோடிட்டு, ‘இந்த வாக்கியத்தில் இதற்குப் பதிலாக வரக்கூடிய சொல்’ என்று கேட்டால் தகராறில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒரே பொருள் என்று நாம் சொல்லிக்கொள்வது இரண்டு சொற்களுக்கு இடையே எப்போதும் நிற்கும் உறவு அல்ல. ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. ‘பிக் ஹவுஸ்’, ‘லார்ஜ் ஹவுஸ்’ இரண்டும் ஒன்றே. ‘பிக் சிஸ்டர்’ என்றால் அக்கா. ‘லார்ஜ் சிஸ்டர்’ என்றால் உருவத்தைக் கிண்டல் செய்வது. கூட்டத்தை ‘பிகின்’ செய்யலாம், ‘ஸ்டார்ட்’ செய்யலாம், ‘கமென்ஸ்’ செய்யலாம். இன்ஜினை ‘ஸ்டார்ட்’ மட்டும்தான் செய்ய முடியும். ஆகவே விடைக்குறிப்பில் ‘பிகின் = ஸ்டார்ட்’ என்று எழுதி வைப்பதில் பயனில்லை; அந்தக் கேள்வியின் வாக்கியத்தோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது. இந்தக் கேள்வி எதை அளக்கிறது? படிக்கும்போது சொல் புரிகிறதா என்பதையா, அந்தச் சொல்லையே நினைவிலிருந்து எடுத்து எழுத முடிகிறதா என்பதையா? முதலாவது என்றால் ‘ஃப்யூரியஸ்’ என்பதற்கு ‘வெரி ஆங்ரி’ முழு மார்க் விடை. இரண்டாவது என்றால் ‘ஆங்ரி’ எழுதியவர் கேட்டதைத் தரவில்லை. ஆனால் குறிப்பிட்ட சொல்தான் வேண்டும் என்பது கேள்வித்தாளில் தெரிந்திருக்க வேண்டும். திருத்துபவர் மனசுக்குள் வைத்திருக்கும் சொல்லை மாணவர் ஊகிக்கவில்லை என்று மார்க் குறைப்பது சொல்வளத்தை அளப்பது ஆகாது.

குறிப்பிட்ட சொல்லை வரவழைக்க எளிய வழி முதல் எழுத்துகளைக் கொடுத்துவிடுவது. சொல்வள ஆய்வாளர்கள் லாஃபர், நேஷன் இருவரும் 1999-இல் வெளியிட்ட எழுதுதிறன் சொல்வளச் சோதனை இப்படித்தான் அமைந்தது: வாக்கியம், அதில் ஒரு கோடிட்ட இடம், அந்த இடத்தில் சொல்லின் முதல் சில எழுத்துகள். எத்தனை எழுத்து என்பதற்கும் கணக்கு உண்டு. போட்டிக்கு வரும் வேறு சொற்களை விலக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ‘ஃப்யூரியஸ்’ வேண்டுமானால் ‘எஃப்’ ஒன்றே ‘ஆங்ரி’யைத் தள்ளிவிடும், ஆனால் ‘ஃப்யூமிங்’ எஞ்சியிருக்கும். ‘எஃப், யு, ஆர்’ என்று மூன்றெழுத்து கொடுத்தால்தான் இடம் அடைபடும். எழுத்துகள் கூடக்கூட மாணவர் வாக்கியத்தைப் படிக்காமலே சொல்லை முடித்துவிடும் ஆபத்தும் கூடும். ஒவ்வோர் இரண்டாவது சொல்லிலும் பின்பாதியை வெட்டும் ‘சி-டெஸ்ட்’ 1981-இல் வந்தது. அதிலும் பாதிச் சொல் கண் முன்னால் இருப்பதால், ஓர் இடத்துக்கு ஒரு விடை என்பது பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது.

எழுத்துக் குறிப்பு இல்லாத கோடிட்ட இடங்களில் இந்த விவாதம் மிகப் பழையது. வில்சன் டெய்லர் 1953-இல், பத்தியில் சில சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் ‘குளோஸ்’ முறையை அறிமுகப்படுத்தியது ஒரு பத்தி படிக்க எவ்வளவு கடினம் என்று அளப்பதற்காக. மூலத்தில் இருந்த அதே சொல்லுக்கு மட்டுமே அங்கே மார்க். பிறகு அது மொழித் தேர்வுக்கு வந்தபோது, பொருந்தும் எந்தச் சொல்லையும் ஏற்கும் முறையும் கூடவே வந்தது. இரண்டு முறைகளிலும் திருத்திப் பார்த்தால் மாணவர்களின் வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. கறாராகத் திருத்தினால் எல்லோருடைய மார்க்கும் சேர்ந்து இறங்குகிறது, அவ்வளவுதான். முந்நூறு பேரில் யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பார்க்கும் தேர்வானால் கறார் முறை வேலையை மிச்சப்படுத்தும். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்கிற வகைத் தேர்வில் அதே கறார், சரியாக எழுதியவரைத் தோற்கடிக்கும். வகுப்புத் தேர்வுகளுக்கு ஏற்கும் முறைதான் நியாயம். அதற்கு உழைப்பு அதிகம்.

அந்த உழைப்பு எங்கே போகிறது என்று பார்க்கலாம். மாணவர் எழுதிய சொல்லை வாக்கியத்தில் வைத்து வாசித்துப் பார்ப்பது முதல் சோதனை. உறுத்தினால், ஏன் உறுத்துகிறது என்று பிரித்தறிய வேண்டும். காரணத்தைப் பொறுத்து மார்க் மாறும்.

சில சொற்கள் பொருளில் சரியாக இருந்தும் இலக்கணத்தில் உட்காராது. ‘ரீச்டு த ஸ்டேஷன்’ வர வேண்டிய இடத்தில் ‘அரைவ்டு’ எழுதினால் நடுவே ‘அட்’ இல்லாமல் வாக்கியம் நொண்டும். ‘ஸே’ எழுத வேண்டிய இடத்தில் ‘டெல்’ எழுதினால் யாரிடம் என்ற ஆள் காணாமல் போய்விடும். ‘அஃப்ரெய்டு’, ‘அலைவ்’, ‘அஸ்லீப்’ போன்றவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்க மறுக்கும் பெயரடைகள். ‘ஃப்ரைட்டன்டு சைல்டு’ சரி, ‘அஃப்ரெய்டு சைல்டு’ இல்லை. இங்கே மாணவருக்குப் பொருள் தெரிந்திருக்கிறது, பயன்பாடு தெரியவில்லை. பாதி மார்க் என்ற ஒன்று இருப்பதே இந்த இடத்துக்காகத்தான்.

அடுத்தது சேர்க்கை, அதாவது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வழக்கமாகச் சேரும் என்பது. தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’, காருக்கு ‘பவர்ஃபுல்’. மாற்றிப் போட்டால் பொருள் விளங்கும், காது ஏற்காது. மொழியியலாளர் ஹாலிடே காட்டிய இந்த எடுத்துக்காட்டைவிடத் தெளிவான ஒன்றைத் தேட வேண்டியதில்லை. மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. தவறை ‘மேக்’ செய்ய வேண்டும், ‘டூ’ செய்யக் கூடாது. சேர்க்கைப் பிழையைத் தண்டிப்பதா என்பது நிலையைப் பொறுத்தது. தொடக்க நிலையில் ‘ஸ்ட்ராங் ரெயின்’ எழுதியவருக்கு முழு மார்க் போட்டு ஓரத்தில் ‘ஹெவி’ என்று எழுதித் தரலாம். கேள்வியே சேர்க்கையைச் சோதிக்க எழுதப்பட்டது என்றால் அதே விடைக்குப் பூஜ்யம்.

அளவு வேறுபாடு இன்னொரு வகை. ‘வார்ம்’, ‘ஹாட்’, ‘பாய்லிங்’ ஒரே ஏணியின் படிகள். எந்தப் படி என்பதற்கு வாக்கியத்தில் துப்பு இருந்தால்தான் அதற்காக மார்க் குறைக்கலாம். ‘வெரி’ முன்னால் நின்றால் ‘ஆங்ரி’ வரும், ‘ஃப்யூரியஸ்’ பொதுவாக வராது. ‘அப்ஸல்யூட்லி’ நின்றால் ‘ஃப்யூரியஸ்’ வரும், ‘ஆங்ரி’ ஒட்டாது. கேள்வி எழுதும்போது இந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். பிற்பாடு தாளைத் திருத்தும்போது மனச்சாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. துப்பே வைக்காமல் ‘அவர் கோபமாக இருந்தார்’ என்ற அளவில் வாக்கியத்தை விட்டுவிட்டு, ‘ஆங்ரி’ போதாது என்பது அநியாயம்.

தொனி வேறுபாட்டில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. ‘ஃபேமஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நொட்டோரியஸ்’ வந்தால் பாராட்டு வசவாகிவிடுகிறது. ‘சைல்டுலைக்’ குழந்தை மனசு, ‘சைல்டிஷ்’ சிறுபிள்ளைத்தனம். ‘ஸ்லிம்’ என்றால் மகிழ்பவர் ‘ஸ்கின்னி’ என்றால் முகம் சுளிப்பார். அகராதிகளின் ஒத்தசொல் பட்டியலில் இவை அருகருகே உட்கார்ந்திருக்கும், அதனால்தான் மாணவர்கள் நம்பி எடுக்கிறார்கள். மதிப்பீடு தலைகீழாகும் இடத்தில் பாதி மார்க்கூடத் தரக் கூடாது. மாணவர் பக்கத்தில் வந்திருந்தாலும் வாக்கியம் எதிர்த்திசையில் போய்விட்டது. ‘பை’க்கு ‘பர்ச்சேஸ்’, ‘சில்ட்ரன்’க்கு ‘கிட்ஸ்’ என்று நடை மட்டும் மாறினால் கதை வேறு. நடையைக் கேள்வி கேட்கவில்லை என்றால் அதற்காக மார்க்கைத் தொட வேண்டாம்.

பொதுச்சொல்லை எழுதித் தப்பிக்கும் விடைகளுக்குத் தனிக் கவனம் தேவை. ‘ஸ்ட்ரோல்’ என்பதற்கு ‘வாக்’, ‘லிம்ப்’ என்பதற்கும் ‘வாக்’. இரண்டும் நடைதான். முதலாவதில் நிதானம் மட்டும் விட்டுப்போகிறது, பாதிக்குக் குறையாமல் தரலாம். இரண்டாவதில் நொண்டுதல்தான் அந்தச் சொல்லின் உயிர்; அது இல்லாமல் ‘வாக்’ என்பது ஒன்றும் சொல்லாத விடை. கேள்வி இதுதான்: எந்தப் பண்பால் இந்தச் சொல் தன் கூட்டாளிகளிலிருந்து பிரிகிறதோ, அந்தப் பண்பு விடையில் இருக்கிறதா?

மார்க் அளவுக்கு 2, 1, 0 போதும். வாக்கியம் உறுத்தாமல், பொருள் மாறாமல் இருந்தால் 2. பொருள் சரி, ஆனால் இலக்கணத்திலோ சேர்க்கையிலோ அளவிலோ பிசகினால் 1. பொருள் வேறு, அல்லது தலைகீழ் என்றால் 0. கால் மார்க், முக்கால் மார்க் என்று பிரிப்பது நுட்பமாகத் தோன்றும். காலுக்கும் அரைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே திருத்துபவர் இரண்டு நாள் ஒரே மாதிரி பிடிக்க மாட்டார். கேள்விக்கு ஒரு மார்க்தான் என்றால் அரை மார்க்கையே விட்டுவிட்டு ஏற்பு, மறுப்பு என்ற இரண்டோடு நிறுத்துவது நல்லது. புரிதலை அளக்கும் கேள்வியானால் சந்தேகத்தின் பலன் மாணவருக்கு.

எழுத்துப் பிழையை இதில் கலக்கக் கூடாது. ‘அக்காமடேட்’ என்ற சொல்லில் ஓர் ‘எம்’ விட்டுப்போனால் சொல் தெரியவில்லை என்று ஆகாது. சொல்வள மார்க் முழுதாக விழ வேண்டும். எழுத்துக்கென்று தனி மார்க் அறிவித்திருந்தால் அங்கே குறையலாம். பிழையால் வேறொரு உண்மையான சொல் பிறந்துவிட்டால் மட்டும் நிற்க வேண்டும். ‘கொயட்’ (அமைதியான) எழுத நினைத்து ‘கொய்ட்’ (மிகவும்) ஆனது கைதவறலா குழப்பமா என்று தாளிலிருந்து சொல்ல முடியாது. வாக்கியம் எதைக் கேட்டதோ அதை வைத்து முன்கூட்டியே முடிவெடுத்து, எல்லோருக்கும் ஒன்றுபோல் நடத்துவதே வழி. காலம், ஒருமை, பன்மை பிசகுவது எழுத்துப் பிழை அல்ல. அது இலக்கணக் கணக்கு, 1-க்குள் வரும்.

விடையைத் தமிழில் எழுதச் சொல்லும் தேர்வுகளில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. ‘ஆஸ்க்’, ‘ஹியர்’, ‘லிஸன்’ மூன்றுக்கும் ‘கேள்’ என்று எழுதிவிட்டு மூன்றுக்கும் மார்க் வாங்கலாம், மூன்றையும் குழப்பியபடியே. ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ மூன்றுக்கும் ‘பார்’. ‘பாரோ’, ‘லெண்டு’ இரண்டுக்கும் ‘கடன்’ என்று மட்டும் எழுதினால் திசை தெரியவில்லை. ‘வாங்கு’, ‘கொடு’ என்பது இருந்தால்தான் மார்க். பொறாமை என்ற ஒரே சொல் ‘ஜெலஸி’க்கும் ‘என்வி’க்கும் போதுமா என்பது மேல்நிலை வகுப்புக்கான கேள்வி. எதிர்ப்பக்கமும் உண்டு. ‘பிரதர்’ என்பதற்கு ‘அண்ணன்’ என்று எழுதியவர் தப்பில்லை, ‘தம்பி’யும் தப்பில்லை, ஆங்கிலம் பார்க்காத வேறுபாட்டைத் தமிழ் பார்க்கிறது. ‘அங்கிள்’ வந்தால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் உள்ளே விட வேண்டியதுதான். ஒரு தமிழ்ச்சொல்லுக்குள் பல ஆங்கிலச் சொற்கள் ஒளிந்திருக்கும் இடங்களில் பொருள் கேட்காமல், இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து வாக்கியத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மேல்.

இனித் திருத்தும் நாள். நாற்பது தாள், இருபது கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தாளை எடுத்து மார்க் போடத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பதினைந்து தாள்களை எடுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் கேள்விக்கு வந்த விடைகளை மட்டும் ஒரு காகிதத்தில் வரிசையாக எழுத வேண்டும். திரும்ப வரும் சொல்லுக்குப் பக்கத்தில் கோடு. ஏழெட்டு வெவ்வேறு சொற்களுக்கு மேல் பெரும்பாலும் வராது. அவற்றை 2, 1, 0 என்று மூன்று பத்திகளில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் காரணமும் எழுதிவிட்டுத்தான் மார்க். நாற்பது தாளிலும் முதல் கேள்வி முடிந்த பிறகே இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும். ஒரு தாளை முழுதாகத் திருத்தினால், முதல் ஐந்து கேள்வியில் நன்றாக எழுதியவருக்கு ஆறாவதில் ஐயப்பாட்டின் பலன் தானாகப் போய்ச் சேரும், நமக்கே தெரியாது. கேள்விக்குக் கேள்வி தாள்களைக் கலைத்து அடுக்குவதும், பெயர்ப்பகுதியை மடித்து வைப்பதும் அதற்காகத்தான்.

முப்பத்தோராவது தாளில் பட்டியலில் இல்லாத புதுச்சொல் வந்தால் அந்த இடத்தில் முடிவெடுக்காமல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகரலாம். கடைசியில் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஒரே அளவுகோல் நிற்கும். நடுவில் மனம் மாறி ஒரு சொல்லை ஏற்றுவிட்டால், முன்பு அதை அடித்த தாள்களைத் தேடிப்போய்த் திருத்த வேண்டும். எந்தத் தாளில் எந்தச் சொல் என்ற குறிப்பு இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் நாற்பது தாளையும் மறுபடி புரட்ட வேண்டியதுதான்.

கோடு போட்ட அந்தப் பட்டியல் கேள்வியைப் பற்றியும் பேசும். எதிர்பாராத ஒரே சொல்லைப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தால், அவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மொத்த மார்க்கில் மேல் மூன்றில் ஒரு பங்கினர் அதை எழுதியிருந்தால் கேள்வி இரண்டு விடைக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று பொருள்; ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. அடிநிலையில் இருப்பவர்களிடமே அது குவிந்திருந்தால் பொதுவான ஒரு குழப்பம் இருக்கிறது. அடுத்த வகுப்பில் நடத்த வேண்டிய பாடம் அது.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் திருத்தும் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்லை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ‘ரேபிட்’ என்று கேட்டு ‘குயிக்’, ‘ஃபாஸ்ட்’ இரண்டையும் விருப்பங்களில் வைத்தால் கேள்வியையே நீக்க வேண்டிவரும். தவறான விருப்பங்களில் இரண்டு ஒன்றுக்கொன்று ஒத்த பொருளாக இருந்தாலும் கெடுதல்தான்: ஒரே விடைதான் சரி என்பதால் இரண்டுமே தவறு என்று கெட்டிக்காரர் சொல் தெரியாமலே விலக்கிவிடுவார். இந்தச் சிக்கலையே கேள்வியாக்கிய தேர்வும் இருக்கிறது. மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில், 2011-இல் மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தில், ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்வி வகை உண்டு. இரண்டும் சரியாக இருந்தால்தான் மார்க், ஒன்றுக்குப் பாதி கிடையாது. அங்கே கேட்பது ஒத்த பொருளுள்ள ஜோடியை அல்ல. வாக்கியத்தை ஒரே பொருளில் முடிக்கும் ஜோடியை. இரண்டும் வேறு என்பது, தனிச்சொல்லாகப் பார்த்து ஜோடி சேர்ப்பவர்களுக்குத் தாமதமாகத்தான் உறைக்கும்.

கணினியிடம் விட்டுவிடலாமா? இணையவழியில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் போன்ற மென்பொருளில் குறுவிடைக் கேள்விக்குப் பல விடைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நூறு சதவீதம், ஐம்பது சதவீதம் என்று தனித்தனியாகக் கொடுக்க முடியும். மேலே சொன்ன மூன்று பத்திப் பட்டியலை அப்படியே அதில் ஏற்றலாம், தேர்வு முடிந்த பிறகு பட்டியலைத் திருத்தி மறுமதிப்பீடும் செய்யலாம். ‘இந்த இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் சரி’ என்று சொல்லும் நட்சத்திரக் குறியை மட்டும் பார்த்துப் போட வேண்டும். ‘ஹாப்பி’க்கு இருபுறமும் நட்சத்திரம் வைத்தால் ‘அன்ஹாப்பி’யும் உள்ளே நுழைந்து முழு மார்க் வாங்கிக்கொண்டு போகும். சொற்களின் நெருக்கத்தை எண்ணாகக் கணிக்கும் முறைகளிலும் இதே ஆபத்து. லாண்டவர், டூமே இருவரும் 1997-இல் இப்படியொரு முறையை, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வின் 80 ஒத்தசொல் கேள்விகளில் ஓடவிட்டபோது அது 64 சதவீதம் அளவுக்குச் சரியாகச் சொன்னது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தேர்வர்களின் சராசரியும் அதுதான். இன்றைய முறைகள் அதைத் தாண்டிவிட்டன. ஆனாலும் சொற்கள் எந்தச் சூழலில் வருகின்றன என்பதை வைத்தே கணிப்பதால், ‘ஹாட்’, ‘கோல்டு’ போன்ற எதிர்ச்சொற்களும் நெருக்கமாகத் தெரியும். நெருக்கம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் சரி என்று எல்லை வைத்துத் தானாகத் திருத்தவிட்டால் எதிர்ப்பதத்துக்கும் மார்க் விழும். புதுச்சொற்களைப் பொறுக்கி எடுத்து மனிதர் முன் வைக்க இந்த எண்ணைப் பயன்படுத்தலாம், முடிவுக்கு அல்ல.

இரண்டு பேர் திருத்தும்போது ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க 100 விடைகள் போதும். இருவரும் தனித்தனியே ஏற்பு, மறுப்பு மட்டும் குறிக்க வேண்டும். முதலாமவர் 70 ஏற்றார், இரண்டாமவர் 65 ஏற்றார், 85 விடைகளில் இருவர் முடிவும் ஒன்று என்று கொள்வோம். 85 பெரிதாகத் தெரிகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 0.70 × 0.65 + 0.30 × 0.35 = 0.56 ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்தால் (0.85 − 0.56) ÷ (1 − 0.56) = 0.66. கோஹன் 1960-இல் தந்த ‘கப்பா’ என்ற அளவு இதுதான். எண்ணைவிட முக்கியம், முரண்பட்ட அந்த 15 விடைகள். அவற்றை மட்டும் எடுத்து உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் இரண்டு மூன்று கேள்விகளிலேயே எல்லாம் குவிந்திருக்கும்.

தாள்களைக் கொடுத்த பிறகு யாராவது ஒத்தசொல் அகராதியோடு வந்து ‘இதில் போட்டிருக்கிறதே’ என்று நிற்பார். அகராதியில் இருப்பது சான்று ஆகாது, இல்லாததும் சான்று ஆகாது. அந்தச் சொல்லைக் கேள்வியின் வாக்கியத்தில் வைத்து உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டும். பிறகு, வாக்கியம் சொல்வது மாறியதா என்று அவரிடமே கேட்க வேண்டும். பல பேர் வாசித்து முடிக்கும்போதே சிரித்துவிடுவார்கள். சிலர் சொல்வது நியாயமாக இருக்கும். ஏற்றால் அவருக்கு மட்டும் மார்க்கைக் கூட்டி அனுப்பக் கூடாது. பட்டியலைத் திறந்து, அதே சொல்லை எழுதிய எல்லோருடைய தாளையும் திரும்ப வாங்கித் திருத்த வேண்டும். பட்டியலில் அந்தச் சொல்லை 0 பத்தியில் அடித்து 2 பத்திக்குக் கொண்டுபோய், பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அதே கேள்வியைத் திருத்த வேறொருவர் உட்காரும்போது இதே வாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.